தற்செயல்: ரூத்தின் வயலிலிருந்து இந்தச் சொல்லைப் பிடுங்காதீர்கள்

சென்ற மாதம் சென்னை வேப்பேரியில் ஒரு மாலைக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்ற தம்பி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல குரல், தடங்காத தமிழ். ரூத் என்ற பெண் கதிர் பொறுக்கப் போகும் வசனம், ரூத் 2:3, வந்தது. "தேவச்செயலாய் அவள் போன வயல் போவாசுடையது" என்றார் தம்பி. என் மடியில் வேதம் திறந்திருந்தது. "தற்செயலாய் அவள் போன அந்த வயல்நிலம் எலிமெலேக்கின் வம்சத்தானாகிய போவாசுடையதாயிருந்தது" என்றுதான் அதில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியிடம் போய்க் கேட்டேன். "அங்கிள், விசுவாசிக்குத் தற்செயல்னு ஒண்ணு கிடையாது. வேதத்துலயே அந்த வார்த்தை இல்லை" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இதே வாக்கியம் காலை வணக்கப் படமாக வாட்ஸ்அப்பில் எனக்குப் பல முறை வந்திருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாளில் அச்சாகியும் வந்துவிட்டது. பிள்ளைகள் கைக்குப் போன பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் சொல். தன் + செயல் = தற்செயல். பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல் 'ன்' 'ற்' ஆயிற்று; தற்காப்பு, தற்கொலை, தற்பெருமை எல்லாம் இந்த வரிசைதான். தானாக நடந்தது, யாரும் திட்டமிடாமல் நடந்தது என்று பொருள். இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படும் 'எதேச்சை' வடமொழியின் யதா + இச்சை. 'விருப்பப்படி' என்பது அதன் சொந்தப் பொருள். எதேச்சாதிகாரம் என்கிறோமே, அந்த எதேச்சைதான். 'எதேச்சையாகப் பார்த்தேன்' என்று எழுதுகிறவர்கள் 'என் இஷ்டப்படி பார்த்தேன்' என்று எழுதுகிறார்கள். பெரியவர்கள் சொல்லும் 'அகஸ்மாத்து' என்பதற்கு 'எதனால் என்றில்லாமல்' என்று பொருள். மூன்றில் தமிழாகவும் தெளிவாகவும் இருப்பது தற்செயல்தான்.

வேதத்தில் இல்லை என்பது சரியா? ரூத்தை விட்டாலும் இன்னும் இருக்கிறது. 1 சாமுவேல் 6:9-ல் பெலிஸ்தரின் பூசாரிகள் சொல்கிறார்கள். 2 சாமுவேல் 1:6-ல் அமலேக்கிய வாலிபன் சொல்கிறான். லூக்கா 10:31-ல், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றிய நல்ல சமாரியன் கதையில், இயேசுவே சொல்கிறார்: "அப்பொழுது தற்செயலாய் ஒரு ஆசாரியன் அந்த வழியே வந்து, அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்." இவை 1871-ல் போவர் தலைமையிலான குழு திருத்தி வெளியிட்ட பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள், நம் சபைகளில் இன்றைக்கும் வாசிக்கப்படுபவை. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் இதே வேப்பேரியில் இருந்துகொண்டுதான் ஜெர்மானிய மிஷனெரி பப்ரிசியுஸ் தமிழ் வேதத்துக்காக உழைத்தார். அந்த இடத்திலேயே நின்று 'வேதத்தில் இல்லை' என்று ஒருவர் சொன்னது எனக்கு வலித்தது.

எபிரேயத்தில் ரூத் 2:3-ல் இருக்கும் சொல் 'மிக்ரே'. 'காரா' என்ற வினையிலிருந்து வருவது. எதிர்ப்படுதல், நேர்தல் என்று பொருள். அந்த வரியில் வினையும் பெயரும் சேர்ந்தே வருகின்றன: 'அவளுடைய நேர்வு அவளுக்கு நேர்ந்தது' என்பதுபோல. நம் நேர்வும் நேருக்கு நேர் வருவதிலிருந்து பிறந்த சொல்தான். அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுகிறார்கள், 'இந்த விஷயத்தில்' என்ற பொருளில். இக்கால எபிரேயத்திலும் மிக்ரேயை அதே பொருளில் சொல்கிறார்கள். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே பாதையில் போயிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இன்று புதிதாக மொழிபெயர்க்கும் ஒருவர் 'அவளுக்கு நேர்ந்தது போவாசின் வயல்' என்று எழுதினால் நான் கைதட்டுவேன். தற்செயலில் உள்ள 'தன்' என்பது செய்கிறவர் வேறு யாரும் இல்லை என்று சொல்லிவிடுகிறதே என்று தயங்குகிறவர்களுக்கும் நேர்வு பதிலாக இருக்கும். ஆனால் 'தற்செயலாய் அவரைப் பேருந்தில் பார்த்தேன்' என்று சொல்கிறவர் உலகத்தின் காரணகாரியம் பற்றி எதுவும் பேசவில்லை. நான் எண்ணிப் போகவில்லை என்கிறார், அவ்வளவுதான். ரூத்தும் எண்ணிப் போகவில்லை.

சரி, தேவச்செயல் என்று போட்டால் என்ன கெட்டுவிடும்? தேவன் நடத்தினார் என்பது உண்மைதானே? உண்மைதான், நானும் அதை நம்புகிறவன். அது கதை சொல்கிறவர் வாயில் அந்த இடத்தில் வரலாமா என்பதுதான் என் கேள்வி. ரூத் காலையில் புறப்படும்போது அவள் ஒரு மோவாபியப் பெண், விதவை, ஊர் தெரியாதவள். எந்த வயலில் விடுவார்கள், எந்த வயலில் விரட்டுவார்கள் என்று தெரியாது. அந்த நிலையை ஒரே சொல்லில் சொல்வது 'தற்செயலாய்'. சாயங்காலம் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு வீடு திரும்புகிறாள். மாமியார் நகோமி பார்த்துவிட்டு எங்கே பொறுக்கினாய் என்று கேட்கிறாள். இறந்துபோன தன் கணவன் எலிமெலேக்கின் உறவினனான போவாசின் பெயர் வருகிறது. அப்போதுதான் நகோமி கர்த்தருடைய தயவைப் பற்றிப் பேசுகிறாள். 'கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்' என்று முதல் அதிகாரத்தில் அழுத அதே வாய்! அந்த அறிக்கை அவளுடையது. காலையிலேயே தேவச்செயல் என்று சொல்லிவிட்டால் சாயங்காலம் அவள் கண்டுபிடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

பெலிஸ்தர் கதையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். இஸ்ரவேலரிடமிருந்து பிடித்துவந்த உடன்படிக்கைப் பெட்டியால்தான் தங்களுக்கு வாதை வந்ததோ என்று பயந்து அதைத் திருப்பி அனுப்பும்போது கறவைப்பசுக்கள் இரண்டை வண்டியில் கட்டுகிறார்கள். கன்றுகளை வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். பசுக்கள் கன்றைத் தேடித் திரும்பாமல் இஸ்ரவேலரின் ஊரான பெத்ஷிமேசுக்குப் போனால் வாதையை அனுப்பியவர் இஸ்ரவேலின் தேவன். இல்லையென்றால் அது தற்செயலாய் நேரிட்டது என்று அறிந்துகொள்ளலாம் என்கிறார்கள். இரண்டு சொல் இருந்தால்தான் இந்தச் சோதனையே நடக்கும். தற்செயல் என்ற சொல் இல்லாத மொழியில் அந்தப் பூசாரிகள் கேள்வியே கேட்டிருக்க முடியாது. கத்திக்கொண்டே நேராக நடந்த அந்தப் பசுக்கள் பதிலும் சொல்லியிருக்க முடியாது.

அமலேக்கியனை எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் தற்செயலாய்க் கில்போவா மலைக்குப் போனேன்' என்று தாவீதிடம் சொல்லி, அரசன் சவுலைத் தானே கொன்றதாக உரிமை கொண்டாடுகிறான். முந்தின அதிகாரத்தில் சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்துவிட்டான். இவன் சொல்வது பரிசுக்காகச் சொன்ன பொய். இங்கேயும் சொல்லை மாற்றுவதா? மாற்றினால் ஒரு பொய்யனின் வாயில் தேவனுடைய பெயரை நாமே வைத்தவர்களாவோம்.

லூக்காவுக்கு வேறொரு சாமர்த்தியம் செய்கிறார்கள். அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'சின்குரியா'. புதிய ஏற்பாட்டில் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அதில் 'குரியோஸ்', அதாவது கர்த்தர் என்ற சொல் ஒளிந்திருக்கிறது, ஆகவே 'கர்த்தரோடு சேர்ந்து நடந்தது' என்று பொருள் என ஒருவர் பிரசங்கத்தில் சொன்னதை நானே கேட்டேன். அப்படி இல்லை. அது 'குரேயோ' என்ற வினையிலிருந்து வருவது. எதிர்ப்படுதல், வாய்த்தல் என்று பொருள். இரண்டும் வேறு வேர். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக அந்தி மாலையைப் பூமாலையிலிருந்து பிறப்பிப்பதுபோல் இருக்கிறது இது. ஆசாரியன் அந்த வழியே வந்தது தற்செயல். விலகிப்போனது அவனே செய்தது. இயேசுவின் கதை நிற்பதே இந்த வேறுபாட்டில்தான்.

இப்போது என் பக்கத்துக்கே எதிராகத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். பழைய மொழிபெயர்ப்பிலேயே ஓரிடத்தில் தேவச்செயல் வருகிறது. பிரசங்கி புத்தகம் 9:11-ன் கடைசி வரி: "அவர்களெல்லாருக்கும் சமயமும் தேவச்செயலும் நேரிடவேண்டும்." மூலத்தில் அங்கே இருப்பது 'பெகா'. வந்து மோதுவது, எதிர்பாராமல் தாக்குவது என்று பொருள். இதே சொல் 1 இராஜாக்கள் 5:4-ல் வரும்போது அதே குழு அதை 'இடையூறு' என்று சரியாக மொழிபெயர்த்திருக்கிறது. ஆகவே சொல் அவர்களுக்குத் தெரியாததல்ல. பிரசங்கியின் வாயில் இவ்வளவு வெறுமையான பேச்சு வருவதை அவர்களால் தாங்க முடியவில்லை என்றே நினைக்கிறேன், பக்தியினால் திருத்திவிட்டார்கள். விளைவைப் பாருங்கள். அடுத்த வசனத்தில் மீன்கள் கொடிய வலையில் அகப்படுகின்றன, குருவிகள் கண்ணியில் சிக்குகின்றன, மனிதர் பொல்லாத காலத்தில் பிடிபடுகிறார்கள். இந்த வலைக்கு முன்னோடியாக வரும் சொல் 'தேவச்செயல்' என்றால் வலை விரித்தவர் யார் என்று படிக்கிறவன் கேட்பானா மாட்டானா? பிரசங்கி வைத்திருந்த புலம்பலையும் இழந்தோம், பக்தியும் தேறவில்லை. போவர் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த ஓரிடத்தில் அவர்கள் தவறினார்கள்.

இது சொல்லைப் பற்றிய சண்டை மட்டுமில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். ஆராதனைக்குப் போயிருந்ததால் கடற்கரைக்குப் போகவில்லை, தேவச்செயலாய்த் தப்பினோம் என்று சாட்சி சொன்ன குடும்பங்களைச் சென்னையில் எனக்குத் தெரியும். அவர்கள் நன்றி சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே காலையில் வேளாங்கண்ணிக் கரையில் இறந்தவர்களில் ஜெபிக்கப் போனவர்கள் எத்தனை பேர்! 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இதே பேச்சு. மாடி வீட்டுக்காரர் தேவச்செயல் என்கிறார். கீழ்வீட்டில் தாயை இழந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். சட்டத்தில் வெள்ளத்தையும் புயலையும் 'கடவுள் செயல்' என்கிறார்கள்; சபையில் தப்பியதை மட்டும் 'தேவச்செயல்' என்கிறோம். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது இயேசு இந்தக் கணக்கைப் போடவேயில்லை. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே சொல்லிவிட்டார்.

அப்படியானால் இந்த உபதேசத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்பதற்கு 'தேவனுடைய சர்வாதிகாரம்' என்று இப்போது பிரசங்கங்களிலும் துண்டுப்பிரதிகளிலும் வருகிறது. தயவுசெய்து வேண்டாம். 'சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது' என்று மத்தேயு 28:18-ல் இருக்கிறது. சகலத்தையும் சர்வம் ஆக்கி ஒட்டினால் தெருவில் போகிற தமிழனுக்கு ஹிட்லர்தான் நினைவுக்கு வருவான். இறையாண்மை நல்ல சொல். இறை என்பது பழந்தமிழில் அரசனையும் குறித்தது. குறளில் இறைமாட்சி அரசனைப் பற்றிய அதிகாரம். ஆனால் அரசியல் சாசன முகவுரையில் ஏறிய பிறகு அது நாட்டுக்கு உரியதாகிவிட்டது. சங்கீதம் 103:19 'அவருடைய ராஜரிகம் சர்வத்தையும் ஆளுகிறது' என்கிறது. ஆளுகை என்ற சொல் போதும். குடத்துத் தண்ணீர்போல் எல்லார் வீட்டிலும் இருக்கிற சொல்.

தற்செயலாகத் தெரிகிறதற்குப் பின்னால் இருக்கும் கரிசனத்துக்கு 'பராமரிப்பு' என்கிறார்கள். கத்தோலிக்கர் 'இறைப் பராமரிப்பு' என்பார்கள். குறையில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஆதியாகமம் 22-ல் இருக்கிறது. பலியிடப் போகும் வழியில், ஆட்டுக்குட்டி எங்கே என்று ஈசாக்கு தன் தகப்பனைக் கேட்கிறான். "என் மகனே, தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்" என்கிறான் ஆபிரகாம். எபிரேயத்தில் 'பார்த்தல்' என்ற வினைதான். தமிழில் பார்த்தலோடு ஒரு 'கொள்' சேர்ந்ததும் கண்ணால் காண்பதும் கையால் கவனிப்பதும் ஒரே சொல்லாகிவிட்டன. 'நீ போ, நான் பார்த்துக்கிறேன்' என்று அண்ணன் தம்பியிடம் சொல்வதும் இதுதான். புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா அங்கே வந்தது தற்செயலா? கடாவைக் கேட்டால் தற்செயல். ஆபிரகாம் அந்த இடத்துக்கு வைத்த பெயர் யேகோவாயீரே, 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று பொருள்.

மேடையில் மொழிபெயர்க்கும் தம்பிகளிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஆங்கிலத்தில் ரூத்தின் அந்த வரி வரும்போது மூளையிலிருந்து ஒரு சொல்லை எடுக்காதீர்கள். கையில் இருக்கும் வேதத்தைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். பிரசங்கியார் நகோமியின் சாயங்காலத்துக்கு வந்த பிறகு உங்களுக்குத் தோன்றினால் தேவன் பார்த்துக்கொண்டார் என்று சத்தமாகச் சொல்லுங்கள். நான் முதல் வரிசையிலிருந்து ஆமென் சொல்வேன்.