தட்டு விழுவதற்கு முன்பே இறங்கும் கால்

மதுரையில் மாலை வேளையில் ஏதேனும் ஒரு பரதநாட்டிய வகுப்பின் வாசலில் சிறிது நேரம் நின்றால், ஆசிரியர் தாளத்துக்காகத் தட்டும் தட்டுக்கழி என்ற கோல் மரமணையில் விழும் ஓசையும், அதற்குச் சற்றுப் பின்னால் புதிய மாணவியரின் பாதங்கள் தரையில் விழும் ஓசையும் தனித்தனியே கேட்கும். கவனக்குறைவே காரணம் என்று பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. உண்மையில் அந்தக் குழந்தை அளவுக்கு மீறிக் கவனிக்கிறது. தட்டு காதில் விழும்வரை காத்திருந்து, அதன்பிறகே காலை இறக்குகிறது.

ஓர் ஒலியைக் கேட்டு உடல் அசைவதற்கு, ஆயத்தமாக நிற்பவருக்கும் ஏறக்குறைய 150 மில்லிவினாடியாவது ஆகும். ஆகவே காத்திருந்து ஆடுபவர் எப்போதும் பிந்தத்தான் செய்வார். தாளத்தோடு சேர்ந்து ஆடுபவரின் மூளை, கடந்த தட்டுகளின் இடைவெளியைக் கொண்டு அடுத்த தட்டின் நேரத்தைக் கணித்து, அது விழுவதற்கு முன்பே காலுக்கு ஆணை அனுப்பிவிடுகிறது. சீரான ஓசைக்கு ஏற்ப விரலால் தட்டச் சொல்லி அளந்த சோதனைகளில், பெரும்பாலோர் ஓசைக்குச் சில பத்து மில்லிவினாடி முந்தியே தட்டினார்கள். முந்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. காலால் தட்டும்போது இந்த முந்தல் இன்னும் கூடுகிறது. பாதத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை நீளமானது என்பதால், தரையைத் தொட்ட உணர்வும் ஓசையும் மூளையில் ஒன்றாகச் சேர வேண்டுமெனில் கால் முந்தியாக வேண்டும் என்பது இதற்குக் கூறப்படும் ஒரு விளக்கம்.

அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்பவரின் மூளையிலும் அசைவுக்குரிய பகுதிகள் செயல்படுகின்றன. கால்வலி என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவிக்கும் அன்றைய வகுப்பு முற்றிலும் வீணாகிவிடாது என்றே நினைக்கிறேன்.

ஆடும் மூன்று வேகங்களில் முதலாவதான முதல் காலம் மெதுவானது என்பதால் எளிது என்று தோன்றும். கால்களுக்கு எளிதுதான், கணிப்புக்கு அது கடினம். அரை வினாடியை ஒட்டிய இடைவெளிகளை மனிதர் நன்றாகக் கணிக்கிறார்கள். இடைவெளி நீள நீளப் பிழையும் வளர்கிறது. இரண்டு வினாடியை நெருங்கும்போது கணிப்பு கைவிட்டு, மீண்டும் ஓசைக்குக் காத்திருக்கும் நிலை வந்துவிடுகிறது. இதற்கு நட்டுவனார்கள், அதாவது தாளம் தட்டி ஆட்டுவிக்கும் ஆசிரியர்கள், கையாளும் மருந்து சொற்கட்டு எனும் தாள அசைகளின் கோவை. 1.2 வினாடி நீளும் ஒரு தட்டுக்குள் ‘தகதிமி’ என்று சீராகச் சொல்லிக்கொண்டால், அது 0.3 வினாடித் துண்டுகள் நான்காகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் நேரும் பிழை சிறியது. முதல் காலத்தைவிட நான்கு மடங்கு விரைவான மூன்றாம் காலத்தில் இப்படிப் பிரிப்பதற்கு இடமில்லை. அங்கே பல அடிகள் சேர்ந்து ஒரே அசைவாகப் பழகியிருக்க வேண்டும்.

முன்வரிசைப் பெண்ணின் காலைப் பார்த்து ஆடும் வழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. தாளத்தைக் கணிப்பதில் கண் காதைவிடத் துல்லியம் குறைந்தது. அதோடு, அந்தப் பெண்ணின் பிழையும் நம் பிழையோடு சேர்ந்துகொள்ளும்.

கணிப்பு கைகூடிய பிறகும் வெளியிலிருந்து வரும் தாமதம் ஒன்று உண்டு. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திருவிழா ஊர்வலத்தில் மேளத்துக்கு 34 மீட்டர் பின்னால் ஆடுபவரின் காதுக்கு ஒவ்வோர் அடியும் பத்தில் ஒரு வினாடி பிந்தியே வரும். அவர் தம் காதுக்குச் சரியாக ஆடினாலும், மேளத்தருகே நின்று பார்ப்பவருக்குத் தாளம் தப்பியதாகவே தெரியும். கரகாட்டக்காரர்கள் நையாண்டி மேளத்தை ஒட்டியே ஆடுவதில் இந்த வசதியும் இருக்கிறது.