லைசேட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பெங்களூரில் கப்பன் பார்க்கில் ஓடுகிறவர்கள், ஷட்டில் ஆடிவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போகிறவர்கள் மத்தியில் பி.ஆர்.பி. ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) என்ற பேச்சு இப்போது சகஜம். அதன் உறவுக்காரச் சொல்லான 'லைசேட்' இன்னும் ஆய்வகத்தை விட்டு அவ்வளவாக வெளியே வரவில்லை, அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களும் தமிழ்ப் பேச்சின் நடுவே அதை அப்படியேதான் சொல்கிறார்கள்.

உயிரணுவின் சவ்வை உடைத்து, உள்ளே இருப்பதை வெளியே வரவைத்தால் கிடைக்கும் திரவம்தான் லைசேட். ரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) எடுத்துக்கொள்வோம்: மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, 37 டிகிரியில் உருக்கி, இதையே சில முறை திருப்பிச் செய்தால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும், பொதிந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் (திசு வளரவும் ஆறவும் தூண்டும் புரதங்கள்) திரவத்தில் கலந்துவிடும், அப்புறம் சுழற்றி வடிகட்டினால் மிஞ்சுவதில் உயிருள்ள அணு எதுவும் இருக்காது. பி.ஆர்.பி. வேறு, அதில் தட்டணுக்கள் முழுசாகவே இருக்கும்.

வேர் கிரேக்கம். 'லூசிஸ்' என்றால் அவிழ்த்தல், தளர்த்தல். டயாலிசிஸ், அனாலிசிஸ் இரண்டின் வாலும் இதுதான். லைசேட்டைப் பொடியாக்கும் உறைநிலை உலர்த்தலுக்கு 'லயோஃபிலைசேஷன்' என்று பெயர், அதன் தலையில் இருக்கும் 'லயோ'வும் அதே வேர், ஆனால் கரைத்தல் என்ற பொருளில்.

எதற்காகப் பொடி? தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ரத்த வங்கியில் வழக்கமாக 5 நாள்தான் தாங்கும். உடைத்த திரவத்திலும் புரதங்கள் மெல்லக் கெட்டுப்போகும். அதனால் ட்ரெஹலோஸ் மாதிரி ஒரு சர்க்கரையைச் சேர்த்து உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை உருகவிடாமல் நேராக ஆவியாக்குகிறார்கள்; தண்ணீர் போன இடத்தில் சர்க்கரை நின்று புரதத்தின் வடிவம் குலையாமல் பார்த்துக்கொள்ளும். வேண்டும்போது நீர் விட்டுக் கரைத்து ஊசியில் ஏற்றலாம்.

சரி, தமிழில்? 'சிதைவு' வேண்டாம், அழுகிப்போனது போலக் கேட்கும், ஊசி போட வந்தவர் எழுந்து ஓடிவிடுவார். 'கரைசல்' உப்புத் தண்ணீருக்கும் பொருந்தும். என் ஓட்டு 'உடைசாறு'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது (மிகுந்தால் துணியைப் பிழிந்த சாறாகிவிடும்!). தட்டணு உடைசாறு, நிலைப்படுத்திய உடைசாறு என்று நீட்டவும் வசதி.

ஊசி போய்ச் சேரும் டெண்டனுக்கு, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாருக்கு, நம்மிடம் ஏற்கெனவே 'தசைநாண்' உண்டு. வில்லின் நாண்தான் அது, கன்னடத்துக்காரர்கள் 'ஸ்நாயுரஜ்ஜு' என்று கயிறாகப் பார்க்கிறார்கள். இரண்டும் சரியான பார்வையே, ஏனென்றால் அது பெரும்பாலும் இறுக்கமாக அடுக்கிய கொலாஜன் என்ற புரத இழைகள், ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். வளர்ச்சிக் காரணிகளை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வந்ததும் அதனால்தான். ஆனால் 2021இல் பிரிட்டனில் நாள்பட்ட குதிநாண் (குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண்) வலி உள்ள 240 பேரிடம் பி.ஆர்.பி.யையும் போலி ஊசியையும் ஒப்பிட்டதில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. உடைசாறும் தனியாக, அதே மாதிரிப் போலி ஊசியோடு மோதித்தான் தன்னை நிரூபிக்க வேண்டும்.