லேப்டாப் போர்டு மாற்றும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

சி.ஏ. இன்டர் படிக்கும் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் போன வாரம் லேப்டாப்போடு என் சர்வீஸ் கடைக்கு வந்தான். வேறொரு கடையில் மதர்போர்டு மாற்றியிருக்கிறார்கள். லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பென் டிரைவில் வாங்கிய வகுப்பு வீடியோக்கள் ஓடவில்லை. எதைத் திறந்தாலும் இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை என்று சொல்கிறது. அவன் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். கம்மலை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் அது.

“எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காபி எடுத்து வெச்சிருக்கேண்ணா. அதுலேர்ந்து ரெக்கவரி பண்ணிக் குடுங்க” என்றான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு வீடுகளில் தண்ணீர் புகுந்து நனைந்த லேப்டாப்களோடு வந்த பிள்ளைகளும் இதையேதான் கேட்டார்கள். தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரெக்கவரி என்பது அழிந்துபோன கோப்பை மீட்பது. உங்கள் கோப்பு அழியவே இல்லை, பத்திரமாக இருக்கிறது. ஆனால் பூட்டியிருக்கிறது. சாவி கோச்சிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. முதல் நாள் நீங்கள் பதிவு செய்தபோது மதர்போர்டு எண், டிஸ்க் எண் இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். போர்டை மாற்றினால் சர்வரைப் பொறுத்தவரை அது வேறு யாருடைய மெஷினோ. பத்து காபி எடுத்தாலும் பத்தும் பூட்டிய கோப்புதான். ஓடிடி ஆப்பில் டவுன்லோடு செய்த படத்தை மெமரி கார்டில் போட்டு அடுத்த போனில் பார்க்க முடியாததும் இதனால்தான்.

காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்பீர்கள். வாங்கியது வீடியோவை அல்ல, பார்க்கும் அனுமதியை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அந்த நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நம் தெரு கோச்சிங் சென்டர் மூடினால் யார் கொடுப்பார்கள்?

ஆசிரியர் உழைத்து எடுத்த பாடம் டெலிகிராமில் திருட்டுத்தனமாகச் சுற்றுவது அநியாயம்தான், பூட்டு தேவைதான். ஆனால் டெலிகிராமில் எடுத்தவனுக்கு எந்தத் தடையும் இல்லை, பில் வைத்திருக்கும் பிள்ளைதான் தேர்வு நெருங்கும் நேரத்தில் கடை கடையாக அலைகிறது. இதை அந்த நிறுவனங்கள் யோசிக்க வேண்டும். மெஷின் மாற்றிக் கொடுக்க ஒரு போன் நம்பர், ஒரு நாள் அவகாசம் போதுமே. அந்தப் பையனுக்கு மறுபதிவு கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, கூடுதல் கட்டணமும் கேட்டார்கள்.

பூட்டை உடைத்துக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால், 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம். நெட்டில் கிடைக்கும் கிராக்கை, அதாவது பூட்டை உடைக்கும் புரோகிராமை, நீங்களே போட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஸ்டாப் டிஜேவியூ என்ற ரான்சம்வேர், அதாவது உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பெரும்பாலும் இந்த மாதிரி கிராக் கோப்புகள் வழியாகத்தான் பரவியது. பாடம் போனது போதாதென்று தங்கச்சி கல்யாண போட்டோவும் சேர்ந்து போய்விடும்.

பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: எத்தனை மெஷின், எத்தனை முறை பார்க்கலாம், எந்தத் தேதி வரை, லேப்டாப் கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வது பின்னால் நிற்காது. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன், மெஷின் ஓடினால், ஆப்பிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். செகண்ட் ஹேண்டு லேப்டாப்பில் கோர்ஸைப் பதியாமல் இருப்பது நல்லது. சொன்னபடி செய்யவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், புகார் இலவசம்.

சர்வீஸ் செய்யும் தம்பிகளே, போர்டில் கை வைக்கும் முன் “இதுல ஏதாவது கோர்ஸ் லாக் ஆகி இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போர்டை மாற்றினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடலாம் என்பது உங்களுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுங்கள். பழைய போர்டைக் கையோடு திருப்பிக் கொடுத்து, பில்லில் மதர்போர்டு மாற்றியதைத் தேதியோடு எழுதுங்கள். மறுபதிவு கேட்கும்போது அந்தப் பிள்ளைகள் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.