நெட் போகவில்லை, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது

ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருங்கும்போது ராமேஸ்வரம் லாட்ஜ்களிலிருந்து வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். “தம்பி, நெட் போயிருச்சு. கம்பெனிக்குப் போன் போட்டா லைன் நல்லாத்தான் இருக்குங்குறாங்க.” ரிசப்ஷனில் ஆள் நிற்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர் அசையவில்லை. ஸ்வைப் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்போது நான் முதலில் கேட்பது, “அண்ணே, கேமரா ஓடுதா?” என்றுதான். கேமராவிலிருந்து படத்தைப் பதிவுசெய்யும் என்விஆர் பெட்டிக்குப் படம் போக இன்டர்நெட் தேவையே இல்லை. கட்டடத்துக்குள் ஓடும் கேபிளும், அந்தக் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியும் போதும். நெட்டோடு சேர்ந்து கேமரா படமும் உறைந்து நின்றால், கம்பெனிக்காரர் சொன்னது சரி, கோளாறு கட்டடத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது லூப்தான், அதாவது கேபிள் இணைப்பு சுற்றி வந்து வளையமாகிவிட்டது. லாட்ஜ், ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை எங்கே போனாலும் இந்தக் கோளாறைப் பார்க்கிறேன். இதைத் தடுக்கும் வசதி பாதி இடங்களில் சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது. யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

லூப் எப்படி வருகிறது? சுவிட்ச் மாட்டிய ரேக்கைத் துடைப்பவர் ஒரு பேட்ச் கார்டின் (குட்டைக் கேபிளின்) முனை தொங்குவதைப் பார்க்கிறார். கழன்றுவிட்டது என்று நினைத்து, காலியாக இருக்கும் போர்ட்டில் சொருகிவிடுகிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில் இருக்கிறது. ஐபி போனுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு போர்ட்டையும் சுவரில் உள்ள இரண்டு பாயிண்டில் மாட்டினாலும் இதேதான். இன்டர்நெட்டில் போகும் தகவல் பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யம் ஆனதும் பாக்கெட் தூக்கி எறியப்படும். அதைச் சுமந்துகொண்டு சுவிட்சுகளுக்கிடையே ஓடும் உறையான ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. மூன்றாம் பிரகாரத்துக்குள் நுழைந்தவருக்கு வெளியே வர வாசலே இல்லாவிட்டால் எப்படியோ, அப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது எல்லோருக்கும் போக வேண்டிய பிராட்காஸ்ட் ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா போர்ட்டுக்கும் ஒரு நகல் போகும். சில நொடிகளில் மொத்த லைனும் நிரம்பிவிடும்.

அடையாளம் சுவிட்சின் முகத்திலேயே தெரியும். யாரும் பயன்படுத்தாத அறையின் போர்ட் உட்பட எல்லா விளக்கும் ஒன்றுபோல வெறிபிடித்து மின்னும். சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகி, மறுபடி அதே நிலைக்கு வரும். ரவுட்டரிலிருந்து உள் கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராக மாட்டினால் நெட் வேகமாக ஓடும். இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கேபிளைப் பிடுங்கத் தொடங்கும் முன் ரேக்கை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெயின் சுவிட்சிலிருந்து மற்ற சுவிட்சுகளுக்குப் போகும் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஐந்தாறு நொடி விளக்குகளைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஆட்டம் அடங்குகிறதோ, லூப் அந்தப் பக்கம். அந்தச் சுவிட்சுக்குப் போய் அதையே திரும்பச் செய்யுங்கள். உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சாக இருந்தால் அதன் லாக் (நிகழ்வுப் பதிவு) இன்னும் சீக்கிரம் சொல்லிவிடும். ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே மாறி மாறித் தாவுவதாக வரி வரியாக எழுதியிருக்கும். அந்த இரண்டு போர்ட்டையும் பின்தொடர்ந்தால் போதும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985ல் டெக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஸ்பேனிங் ட்ரீயை (சுருக்கமாக எஸ்டிபி) வடிவமைத்தார். 1990ல் அது ஐஇஇஇ 802.1டி தரமாக வந்தது. சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சின்னச் செய்தியை அனுப்பி, தங்களுக்குள் ஒன்றை ரூட் (வேர், அதாவது தலைமைச் சுவிட்ச்) என்று தேர்ந்தெடுக்கும். ரூட்டுக்குப் போகச் சிறந்த வழியை வைத்துக்கொண்டு, மிச்ச வழியை அடைத்துவிடும். ஓடும் வழி அறுந்தால் அடைத்த வழி திறக்கும்.

பிறகு ஏன் அணைக்கிறார்கள்? பழைய எஸ்டிபியில் ஒரு போர்ட் திறக்க 15 நொடி கேட்கும் நிலை, 15 நொடி கற்கும் நிலை, ஆக 30 நொடி ஆகும். அதற்குள் கம்ப்யூட்டர் பூட் ஆகி, ஐபி கேட்டு, பதில் வராமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். “காலையில் ஆன் பண்ணா நெட் வரல” என்று புகார் வரும். வந்த டெக்னீஷியன் எஸ்டிபியை அணைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று போய்விடுவார். புகார் நிற்பது உண்மை. அடுத்த முறை ஒருவர் பேட்ச் கார்டைத் தவறான இடத்தில் சொருகும்போது தடுக்க ஆளில்லை என்பதும் உண்மை. இதைச் செய்யாதீர்கள் என்று எங்கே போனாலும் சண்டை போட்டுச் சொல்கிறேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா மாட்டும் போர்ட்டை எட்ஜ் போர்ட் என்று அமைத்தால் உடனே திறக்கும். சிஸ்கோவில் இதற்குப் போர்ட்ஃபாஸ்ட் என்று பெயர். கூடவே பிபிடியு கார்டு (guard) என்ற காவல் அமைப்பையும் போட்டுவிடுங்கள். அந்த போர்ட்டில் யாராவது இன்னொரு சுவிட்சை மாட்டி பிபிடியு வந்தால் போர்ட் தானே மூடிக்கொள்ளும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான போர்ட்டில் மட்டும் இவற்றைப் போடக் கூடாது.

ரூட் எது என்று கேட்டால் பல இடங்களில் யாருக்கும் தெரியாது. ரூட்டைத் தேர்ந்தெடுக்க உதவும் பிரையாரிட்டி எண் சிறிதாக உள்ள சுவிட்ச்தான் ரூட் ஆகும்; எல்லா சுவிட்சுக்கும் அது 32768 என்றே வரும். சமமாக இருந்தால் மேக் முகவரி சிறிதாக உள்ளது ஜெயிக்கும். சிறிய மேக் பெரும்பாலும் பழைய பெட்டியிடம்தான் இருக்கும். அதனால் மொட்டை மாடியில் கேமராவுக்காக மாட்டிய, யுபிஎஸ் இல்லாத பழைய சுவிட்ச் மொத்தக் கட்டடத்துக்கும் ரூட் ஆகிவிடுகிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் மரம் (ட்ரீ, அதாவது திறந்த வழிகளின் அமைப்பு) புதிதாகப் போடப்படும், ரிசப்ஷன் தடுமாறும். யுபிஎஸ்ஸில் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு 4096, அடுத்ததற்கு 8192 என்று நாமே கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை ஒழிந்தது. 4096இன் மடங்காகத்தான் கொடுக்க முடியும்.

சுவிட்சுக்குப் பின் சுவிட்சாக நீட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. பழைய கட்டடம், புதுக் கட்டடம், சமையல்கூடம், டிரைவர் ரூம் என்று சங்கிலி வளரும். வழக்கமான டைமர்களோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 சுவிட்சுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்பது 802.1டி சொல்லும் கணக்கு. 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் ஸ்பேனிங் ட்ரீ கோளாறால் நாள்கணக்கில் படுத்துவிட்டது. டாக்டர்களும் நர்ஸ்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அங்கேயும் இந்த எல்லை தாண்டியிருந்தது.

இனி நம் ஊர் உப்புக்காற்று. மொட்டை மாடியில் இரண்டு மழைக்காலம் கிடந்த நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய எட்டுப் பின்களில் ஓரிரண்டு பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கும். கிளிப்பை அழுத்தினால் பொடியாக உதிரும். ஒரு கிகாபிட் ஓட நான்கு ஜோடி கம்பியும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்குத் தேவைப்படாத இரண்டு ஜோடிகளில் ஒன்று போனால் பல சுவிட்சுகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஸ்பேனிங் ட்ரீயின் பழைய கணக்கில் கிகாபிட்டின் காஸ்ட் 4, நூறு மெகாபிட்டின் காஸ்ட் 19; காஸ்ட் குறைந்த வழியே சிறந்த வழி. காஸ்ட் மாறினால் மரம் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கும். யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் நெட்வொர்க் மாறிவிட்டது என்பார்களே, காரணம் இந்தக் களிம்பாக இருக்கலாம்.

இணைப்பு முழுதாக அறாமல் விட்டு விட்டு வந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் டோப்பாலஜி சேஞ்ச், அதாவது இணைப்பு அமைப்பு மாறிவிட்டது என்ற அறிவிப்பு போகும். சுவிட்சுகள் கற்று வைத்த மேக் முகவரிகளை அவசரமாக மறக்கும். மறந்த நேரத்தில் கேமரா படமெல்லாம் எல்லா போர்ட்டிலும் வழியும், பில் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். சிஸ்கோவில் ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீட்டெய்ல்’ என்று கொடுத்தால் எத்தனை முறை மாறியது, கடைசி மாற்றம் எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று காட்டும். எனக்கு மிகவும் உதவிய கட்டளை இதுதான். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த போர்ட்டின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து, தண்ணீர் புகாத மூடி போட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

ரேடியோ லிங்க் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடல் மேல் அடிக்கும் லிங்கில் தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து சேரும். கடல் மட்டம் ஏறி இறங்கும்போது சிக்னலும் ஏறி இறங்கும். எஸ்டிபியின் வேகமான புது வடிவமான ஆர்எஸ்டிபியில் தொடர்ந்து மூன்று ஹலோ (2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியு) வராவிட்டால், அதாவது 6 நொடியில், லிங்க் செத்ததாகக் கணக்கு. உடனே வழி மாறும். சிக்னல் வந்ததும் திரும்ப மாறும். இதைவிட வஞ்சகமானது காஸ்ட். பைபரைச் சாதாரண கேபிளாக மாற்றும் பழைய மீடியா கன்வர்ட்டர் வழியாக வரும் பைபர் 100 மெகாபிட், காஸ்ட் 19. ரேடியோவின் கேபிள் கிகாபிட் போர்ட்டில் இருக்கிறது, காஸ்ட் 4. காற்றில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று சுவிட்சுக்குத் தெரியாது. அது நல்ல பைபரை அடைத்துவிட்டு, காற்றில் ஆடும் ரேடியோவை நம்பும். ரேடியோ மாட்டிய போர்ட்டின் காஸ்ட்டைக் கையால் பெரிதாக்கி, பைபர் முதலில் ஓடும்படி வையுங்கள்.

சர்வர் வைத்திருக்கும் இடங்களில் இன்னொன்று. லினக்ஸ் சர்வரின் போர்ட்டுகளை ஒரு சுவிட்ச் போல இணைக்கும் பிரிட்ஜில் எஸ்டிபி இயல்பாகவே அணைந்திருக்கும். ஒன்று போனால் இன்னொன்று என்று நினைத்து, சர்வரின் இரண்டு போர்ட்டையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்து இரண்டு சுவிட்சில் மாட்டினால் அந்தச் சர்வரே லூப். இரண்டு கேபிள் வேண்டுமென்றால் பாண்டிங் செய்து (இரண்டு போர்ட்டையும் ஒரே இணைப்பாகக் கட்டி), ஒன்று ஓட ஒன்று காத்திருக்கும்படி வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, கூட்டம் இல்லாத ஒரு ராத்திரியில் சோதித்துப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் என்றால் நல்லது. ஒரு லேப்டாப்பில் மெயின் சுவிட்சுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தொடர்ந்து கேட்கும் சோதனை) ஓடவிட்டு, வழக்கமாக ஓடும் கேபிளைப் பிடுங்குங்கள். ஆர்எஸ்டிபி சரியாக இருந்தால் ஓரிரு நொடியில் பதில் திரும்பும். 30 நொடி, 50 நொடி என்று இழுத்தால் வழியில் ஏதோ ஒரு சுவிட்ச் இன்னும் பழைய எஸ்டிபியிலேயே இருக்கிறது. எது என்று கண்டுபிடித்து மாற்றிவிட்டு, எந்த போர்ட் அடைபட்டிருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வரும் டெக்னீஷியன் அந்த போர்ட்டில் ஆரஞ்சு விளக்கைப் பார்த்து, ரிப்பேர் என்று நினைத்துக் கை வைக்காமல் இருப்பார்.