பயிற்சி வலிதான், சரியாயிடும்

"மேடம், யூரின் போனா டிகாக்‌ஷன் மாதிரி வருது."

கும்பகோணத்துக்காரர் அல்லவா, உவமையும் காபியில்தான் வந்தது. ஆனால் அவர் இதற்காக என்னிடம் வரவில்லை. தொடை வலிக்குக் கரண்ட் வைக்கச் சொல்லி, இரண்டு நண்பர்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். என் பிசியோதெரபி கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் படியை ஏற அவருக்குப் பத்து நிமிடம் ஆனதாம். முப்பத்திரண்டு வயது பைக் மெக்கானிக். இரண்டு தொடையும் வீங்கி, தொட்டால் பலகை மாதிரி இருந்தன. சிறுநீர் விஷயத்தைக் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசியில்தான் சொன்னார். கூட வந்த அரிசி மண்டிக்காரர் நடுவில் புகுந்து, "பயிற்சி வலிதான் மேடம், எங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சு, சரியாயிடும்" என்றார்.

நான் கரண்ட் மெஷினைத் தொடவே இல்லை. நேராக மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சிகே என்ற நொதியைப் பார்த்தார்கள். சில நூறுக்குள் இருக்க வேண்டியது பல்லாயிரத்தில் இருந்தது. ஐந்து நாள் சலைன் ஏறியது. சிறுநீரகம் தப்பியது.

இவர்கள் ஐந்து பேர். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்கள். பெங்களூருவில் நடக்கும் தடை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர், பதினைந்து தடைகள்: சுவர் ஏறுவது, கயிற்றில் தொங்குவது, கம்பிக்கு அடியில் சேற்றில் ஊர்வது, மூட்டை சுமப்பது. 1987-இல் இங்கிலாந்தில் 'டஃப் கை' என்று தொடங்கி, 2010-இல் அமெரிக்காவில் 'டஃப் மடர்', 'ஸ்பார்ட்டன்' என்று பெரிதாகப் பரவிய விளையாட்டு இது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், நவீன பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியில் குதிரை ஏற்றத்துக்குப் பதிலாகத் தடை ஓட்டம்தான் வரப்போகிறது. எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வயதில் நான்கு நண்பர்களோடு வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறவர்களைத் தடுப்பது என் வேலை இல்லை. என் பயமெல்லாம் மண்டிக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

மெக்கானிக்குக்கு நடந்தது இதுதான். ஸ்பார்ட்டன் பந்தயத்தில் ஒரு தடையில் தோற்றால் முப்பது பர்ப்பி (குனிந்து, தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது) போட வேண்டும் என்பது பேர்போன தண்டனையாக இருந்தது. அதைப் பார்த்து இவர்களும் ஒரு சட்டம் போட்டார்கள்: பயிற்சிக்கு வராவிட்டால் நாளுக்கு இருபது பஸ்கி. மெக்கானிக் தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்று கணக்குப் பார்த்து, வட்டியும் முதலுமாக நானூறு பஸ்கி போடவைத்தார்கள். நால்வரும் சுற்றி நின்று எண்ணினார்கள். "விடாதடா, இன்னும் இருவதுதான்" என்று கத்தினார்கள். தனியாக இருந்திருந்தால் எண்பதில் உட்கார்ந்திருப்பார். நண்பர்கள் இருந்ததால் நானூறையும் முடித்தார்.

உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கம் விட்டுப்போன தசைக்கு அதுதான் பெரிய அடி. இழைகள் உடைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்டப் போய்ச் சிறுநீரகம் திணறுகிறது. மருத்துவத்தில் இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சாதாரணப் பயிற்சி வலி மறுநாள் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். நடந்தால் கொஞ்சம் இளகும். இது அப்படி இல்லை. வலி செய்த வேலைக்கு மிஞ்சி இருக்கும், தசை வீங்கும், கால் சொன்ன பேச்சைக் கேட்காது, சிறுநீர் கறுக்கும். சிலருக்குச் சிறுநீர் நிறம் மாறாமலும் இது வரும். அதனால் வீக்கத்தையும் பலவீனத்தையும் பார்த்ததுமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதில் இன்னொரு தப்பும் நடந்தது. இரண்டு நாளாக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கக்கூடியவை. ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. கடும் பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் "ஒண்ணு போட்டுக்கடா" என்று நண்பர் நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள்.

அவர் தேறிய பிறகு ஐந்து பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். அப்போதுதான் முந்தைய கதை வெளியே வந்தது. அக்னி நட்சத்திரத்தில், சாயந்தரம் நான்கு மணிக்கு, வறண்ட அரசலாற்று மணலில் மூட்டை தூக்கி ஓடியிருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் பார்க்கும் அதே நாற்பது கிலோ நெல் மூட்டை! பேங்க் வேலையில் இருப்பவர் நடுவில் ஏதோ உளறினார், எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தார். நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்து மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் வீடியோவும் எடுத்தார். நான் அந்த வீடியோவைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

வெயிலில் உழைத்தவர் குழம்பிப் பேசினால் உடல் உள்வெப்பம் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உயிர் போகும் நிலை அது. நம் பக்கத்தில் ஈரக்காற்று வேறு. வேர்வை வடிகிறதே தவிர உலர்வதில்லை, உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அன்று பிழைத்தது தற்செயல்தான். பக்கத்து வயலில் பம்பு செட் ஓடிக்கொண்டிருந்தது, "மூஞ்சியக் கழுவட்டும்" என்று கூட்டிப்போனவர்கள் விளையாட்டாகத் தொட்டியில் தள்ளிவிட்டார்கள். விளையாட்டாகச் செய்தது சரியான சிகிச்சையாகிவிட்டது. இப்படி ஆனால் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கழுத்து வரை தண்ணீரில், இரண்டு பேர் விடாமல் பிடித்துக்கொள்ள, தலை வெளியே இருக்கட்டும். தொட்டி இல்லையென்றால் குடம் குடமாக ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த இரண்டு வாரமும் மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடியற்காலையில் சும்மா ஓடினால் போதும். குடிக்க மோர், நீராகாரம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. தாகத்துக்குக் குடியுங்கள். பயத்தில் குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தாகும்.

இனி சேறு. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். தண்ணீர் வந்து உழவு ஓடியதும் இவர்களுக்குக் கொண்டாட்டம். சென்னையில் காசு கொடுத்துச் சேற்றில் புரள்கிறார்கள், நமக்கு வாசலிலேயே கிடைக்கிறதே என்று மண்டிக்காரர் வயலில் இறங்கிவிட்டார்கள். "நடவுக்கு வெச்ச வயல்ல எருமையாட்டம் பொரளுறானுவ" என்று அவர் அப்பா திட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கவலை நடவு அல்ல, எலி. நம் வரப்புகளில் எலி வளை இல்லாத வரப்பு ஏது? எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், முழங்காலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பு வழியாகவோ கண், வாய் வழியாகவோ போனால் எலிக்காய்ச்சல் வரலாம். 2000-இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த 'ஈகோ சேலஞ்ச்' சாகசப் பந்தயத்தில், ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர் ஊர் திரும்பிய பிறகு இதில் விழுந்தார்கள். ஊர் ஊராகப் பிரிந்துபோனவர்களைத் தேடிப்பிடித்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் காய்ச்சலின் அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் வலி. பயிற்சி செய்கிறவனுக்குக் கெண்டைக்கால் வலித்தால் அவன் என்ன நினைப்பான்? நண்பன் என்ன சொல்வான்? இவர்களில் ஒருவருக்கு வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். நல்லவேளை, கண் சிவந்திருப்பதை அவர் மனைவி பார்த்தார். சேற்றில் இறங்கியதிலிருந்து இரண்டு நாள் முதல் ஒரு மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் "வயல் சேத்துல கெடந்தேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே அடங்கிவிடும். டிடி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் தொடங்கும் முன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் புண்ணோடு சேற்றில் இறங்கவே வேண்டாம். மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அவர்களைத்தான் மோசமாகத் தாக்கும்.

கொள்ளிடத்தில் நீச்சல் பயிற்சி செய்யலாமா என்று கேட்டார்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. முதலைக்குப் பதினைந்து தடைக் கணக்கெல்லாம் தெரியாது என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தோள், கணுக்கால் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தசை சில வாரங்களில் பலப்படும், தசைநார் மாதக்கணக்கில்தான் பலப்படும். அதனால் மாமரக் கிளையில் முதல் நாளே ஊஞ்சல் ஆடாமல், பத்து விநாடி சும்மா தொங்கப் பழகுங்கள். சுவரில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கணுக்கால் புரள்கிறது. உச்சியிலிருந்து குதிக்காதீர்கள். கையில் தொங்கி, உயரத்தைக் குறைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி இறங்குங்கள்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபடி பயிற்சி தொடங்கியபோது மேற்பார்வைக்கு நானும் போனேன். அரைமணி நேரத்தில் "இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு" என்று கத்திக்கொண்டிருந்தது நான்தான். அந்தக் கூட்டத்துக்குள் நின்றால் யாருக்கும் அப்படித்தான் வாய் வரும். அன்று சாயந்தரமே ஒரு ஏற்பாடு செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. நிறுத்தும் அதிகாரம் ஓடுகிறவருக்கு இல்லை, ஜோடிக்குத்தான். ஜோடி "போதும்" என்றால் போதும், அங்கே வாதம் கிடையாது. மூச்சு வாங்கும்போது "திருவாரூர் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?" என்பதுபோல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் நிழலுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்கி தண்டனை ரத்து. கடும் பயிற்சிக்கு மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் சிறுநீரின் நிறத்தை ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். பேங்க்காரரின் மனைவி தற்செயலாக அந்த குரூப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரிடம் விளக்கம் கேட்டாராம். ஐந்தாவது ஆளுக்கு ஜோடி நான்.

மூன்று மாதம் கழித்து பெங்களூருவுக்குப் போனார்கள். பதினோராவது தடையில், கயிற்றில் பாதி ஏறியிருந்த மெக்கானிக்கைக் கீழே நின்ற மண்டிக்காரர் "போதும், எறங்கு" என்றார். கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறார். அவர் இறங்கி, அந்தத் தடையைச் சுற்றி நடந்து போனார். ஊர் வந்து சேரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம்.

மறுநாள் காலை ஆறரைக்கு குரூப்பில் மெக்கானிக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "இளமஞ்சள்."