சிந்தசைசர்: செயற்கையும் அல்ல, பலகையும் அல்ல

மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவி சிந்தசைசர். புதிதாக ஒன்று வெளியானால் போதும், தமிழ் அறிமுகக் குறிப்பு 'செயற்கை இசைப் பலகை' என்று தொடங்கிவிடுகிறது. மூன்று சொல்லில் இரண்டு தப்பு.

'சிந்தசைசர்' என்ற சொல்லின் வேர் கிரேக்கம். சேர்த்து வைப்பது என்பதே பொருள். போலி என்ற வாடை சிந்தெடிக் துணி, சிந்தெடிக் ரப்பர் வழியாகப் பிற்காலத்தில் ஏறியது. போட்டோசிந்தசிஸை 'ஒளிச்சேர்க்கை' என்று சொல்லத் தெரிந்த தமிழுக்கு இங்கே மட்டும் என்ன வந்தது?

'பலகை' இன்னும் மோசம். 1950களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் சிந்தசைசர் என்றே பெயரிட்ட இயந்திரம், துளையிட்ட காகிதச் சுருளைப் படித்து ஒலித்தது. சட்டத்தில் பொருத்திக் கம்பியால் இணைக்கும் சிந்தசைசர் துண்டுகளான யூரோராக் மாட்யூல்களைக் கட்டையே இல்லாமல் இயக்கலாம். வேறு கருவிக்கோ கணினிக்கோ இசைக் கட்டளை அனுப்பும் மிடி கன்ட்ரோலர் இதற்கு நேர் எதிர்: கட்டை உண்டு, பெரும்பாலும் சொந்த ஒலி கிடையாது. நடு 'சி'யை அழுத்தினால் 60 என்ற எண்ணும் அழுத்திய வேகமும் போகும், அவ்வளவுதான். 'பலகை' என்று நம்பி வாங்கியவர் ஹெட்போன் செருக ஓட்டை தேடிக்கொண்டிருப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் 'ஒலித்தொகுப்பி' என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வேர்ப்பொருளோடு பொருந்துகிறது. ஆனால் தமிழில் தொகுப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுவது. கவிதைத் தொகுப்பு, படத்தொகுப்பு எல்லாம் அந்த வகை. 'ஒலித்தொகுப்பி' என்றதும் வெட்டி ஒட்டும் மென்பொருள்தான் நினைவுக்கு வரும். கருவிக்குள் நடப்பதோ வேறு. 110 ஹெர்ட்ஸில் ஒரு ரம்பப்பல் அலையை எழுப்பினால் அதில் 220, 330, 440 என்று மேற்சுரங்கள் வரிசையாக இருக்கும். 1970இன் மினிமூக் சிந்தசைசர், வெட்டுப்புள்ளி என்ற அதிர்வெண் எல்லைக்கு மேலே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் அவற்றைச் சரிக்கிறது. அந்த எல்லையை நகர்த்தும் குமிழைத் திறந்தால் கூர்மை, மூடினால் மந்தம். இது கழித்தல், தொகுத்தல் அல்ல. 1983இல் வந்த யமாஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வை உலுக்கிப் புதிய மேற்சுரங்களைப் பிறப்பித்தது. அங்கும் தொகுக்க ஒன்றுமில்லை.

என் தேர்வு 'ஒலியியற்றி'. அலையியற்றி, மின்னியற்றி என்று பாடநூலில் பழகிய குடும்பம். பா இயற்றுவது போல, இல்லாததை உண்டாக்குவது இயற்றுதல். இரண்டு 'ய' நாக்கில் இடறும், ஒப்புக்கொள்கிறேன். 'சிந்தசைசர்' மட்டும் இடறாதா?

கருவியின் எதிர்காலம் பற்றிய பேச்சுக்கும் இதுதான் வசதி. 1988இன் கோர்க் எம்1 சிந்தசைசர் இன்று மென்பொருளாகவும் கிடைக்கிறது. அதைப் பலகை என்று எப்படிச் சொல்வது? மென்பொருள் ஒலியியற்றி, கருவி ஒலியியற்றி என்றால் சிக்கல் தீர்ந்தது. யமாஹாவின் மான்டேஜ் எம் பதிவொலி, எஃப்எம் (டிஎக்ஸ்7இன் அலை உலுக்கும் முறை), அனலாக் பாணி என மூன்று இயற்றும் முறைகளை ஒரே பெட்டிக்குள் அடைக்கிறது. 'செயற்கை' இந்த மூன்றில் எதைச் சொல்கிறது?

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: 2024இல் வந்த மூக் மியூஸ் சிந்தசைசரின் 'எயிட் வாய்ஸ்' என்பதை 'எட்டுக் குரல்கள்' என்று எழுதாதீர்கள். அது பாடாது. எட்டுச் சுரம் ஒருசேர ஒலிக்கும். ஒன்பதாவதாக ஒரு கட்டையை அழுத்தினால், முன்பு ஒலித்துக்கொண்டிருந்த ஒன்று அறுந்து போகும்.