இலவச முகவர் அல்லர், தன்னுரிமை வீரர்

சென்ற குளிர்காலத்தில் என் அண்ணன் மகன் கைப்பேசியில் ஒரு தமிழ்ச் செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்கப் பேஸ்பால் அணிகள் அடுத்த பருவத்துக்கு யார் யாரை எடுக்கலாம் என்பதைப் பற்றியது. "இலவச முகவர்களாக உள்ள மூத்த வெளிக்கள வீரர்களைப் பல அணிகள் பரிசீலிக்கின்றன" என்று அதில் ஒரு வரி. "சித்தப்பா, இலவசம் என்றால் இவர்களுக்குச் சம்பளமே கிடையாதா? முகவர் என்றால் யாருக்கு முகவர்?" என்று கேட்டான். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்றால், எந்த அணிக்கும் கட்டுப்படாமல் தான் விரும்பும் அணியோடு ஒப்பந்தம் பேசக்கூடிய வீரர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இந்த 'இலவச முகவர்' என் கண்ணில் படுவது இது முதல் முறை அன்று. எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனால் ஒரு பதின்வயதுப் பையன் கேட்ட இரண்டு கேள்விகளும் அந்தத் தொடரின் இரண்டு சொற்களையும் நேராகப் போய்க் குத்தியதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் கேள்விக்கு விடை எளிது. ஆண்ட்ரூ மெக்கட்சன் என்ற வெளிக்கள வீரர் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைத் தடுப்பவர்) 2013இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக ஆடி, மேஜர் லீக் என்ற முதன்மைப் போட்டியின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். வேறு சில அணிகளைச் சுற்றிவிட்டு 2023 ஜனவரியில், 36 வயதில், அதே பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பினார். 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆக இருந்த அவருக்கு அந்த ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டது 50 லட்சம் டாலர். இலவசத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கில 'ஃப்ரீ' என்பதற்கு விலையில்லாதது என்றும் ஒரு பொருள், கட்டுப்படாதது என்றும் ஒரு பொருள். தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அது நம் மொழியின் வசதி. 'ஏஜென்ட்' என்பதன் வேர் இலத்தீனில் 'செய்தல்' என்று பொருள்படும் வினைச்சொல். ஆகவே 'ஏஜென்ட்' என்றால் முதலில் 'செய்பவர்'. பிறருக்காகச் செய்பவர் என்ற வணிகப் பொருள் அதன் கிளை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் மெய்யியல், சமய வாதங்களில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று எழுதியபோது, தன் விருப்பப்படி செயலாற்றும் மனிதர் என்றே கருதினார்கள். நம் இலக்கணத்தில் இதற்கு இணையான அழகான சொல் வினைமுதல். கொத்தன் வீட்டைக் கட்டினான் என்றால் கொத்தன் வினைமுதல்.

நம் வழக்கில் முகவர் யார்? காப்பீட்டு முகவர், பால் முகவர், வாக்குச்சாவடி முகவர், வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர். இவர்கள் எல்லாரும் இன்னொருவருடைய முகமாக நிற்பவர்கள். பேஸ்பால் வீரரோ அந்த நேரத்தில் தனக்காக மட்டுமே நிற்பவர். அது மட்டும் அன்று, அவருக்கென்று உண்மையிலேயே ஒரு முகவர் இருப்பார். ஸ்காட் போராஸ் போன்ற புகழ்பெற்ற முகவர்கள் வீரர்களுக்காக அணிகளிடம் பேரம் பேசுகிறார்கள். அதைத் தமிழில் எழுத வந்தவர் 'இலவச முகவரின் முகவர்' என்று எழுத வேண்டியதாகிறது. இப்படி ஒரு தொடரை எழுதிய கை அடுத்த வரிக்கு எப்படிப் போகிறது என்பது எனக்குப் புரியவே இல்லை.

இதை வெறும் பிழை என்று விட்டுவிடலாம். என் கோபம் அதோடு நிற்காததற்குக் காரணம், இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மனிதர். அவரும் ஒரு வெளிக்கள வீரர்தான். கர்ட் ஃப்ளட் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடிய நடுக்களக்காரர், அதாவது வெளிக்களத்தின் நடுவில் நிற்பவர். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 31. அன்றைய ஒப்பந்தங்களில் ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அதை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்க அணிக்கு அதிகாரம் உண்டு என்றது அது. புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருந்ததால், முடிவே இல்லாமல் புதுப்பிக்கலாம் என்று அணிகள் பொருள் கொண்டன. வீரர் வேறு அணிக்கு ஆட முடியாது, ஆட்டத்தையே விட்டுப் போகத்தான் முடியும்.

1969 டிசம்பர் 24 அன்று ஃப்ளட் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் நான் உடைமைப் பொருள் இல்லை என்பது அதன் சாரம். அப்போது அவர் ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. இவ்வளவு வாங்குகிறவர் ஏன் முறையிட வேண்டும் என்று கேட்டவர்களிடம், நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார். பணம் வேறு, உரிமை வேறு. இந்த வேறுபாட்டுக்காகவே அவர் தன் ஆட்ட வாழ்வை இழந்தார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடியதோடு சரி. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்த விதியை எதிர்த்து அவர் தொடுத்திருந்த வழக்கை 5-3 என்ற கணக்கில் தள்ளியது. அந்த மனிதர் பிரித்துக் காட்டிய இரண்டையும் 'இலவச' என்ற ஒரே சொல்லால் நாம் மறுபடி ஒன்றாக்கிவிடுகிறோம். உரிமையைச் சொல்ல வந்த இடத்தில் விலையைச் சொல்கிறோம், அதுவும் சுழியம் விலை.

ஃப்ளட் தோற்ற இடத்தில் பின்னால் வந்த இருவர் வென்றார்கள். ஆண்டி மெஸர்ஸ்மித், டேவ் மெக்னலி என்ற பந்துவீச்சாளர்கள் 1975 பருவத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே ஆடினார்கள். ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்று, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் 1975 டிசம்பர் 23 அன்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு வீரர் சங்கமும் அணி உரிமையாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மேஜர் லீகில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் தான் விரும்பும் அணியோடு பேசலாம் என்றாயிற்று. 1976 நவம்பரில் ரெஜி ஜாக்சன் என்ற வெளிக்கள வீரர் யாங்கீஸோடு ஐந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது இந்த வழியில்தான்.

இந்த ஆறு ஆண்டு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற மொழிபெயர்ப்புகளைப் பார்க்க வேண்டும்.

'ஒப்பந்தம் முடிந்த வீரர்' என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்க எளிதாக இருக்கிறது, ஆனால் தவறு. மூன்று ஆண்டு மட்டும் ஆடிய இளைஞருக்கும் ஓராண்டு ஒப்பந்தம் முடியத்தான் செய்கிறது. அவர் எங்கும் போக முடியாது, அவர் மீதான உரிமை அணியிடமே இருக்கிறது. 'விடுவிக்கப்பட்ட வீரர்' என்பது ஐபிஎல் செய்திகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே அணி ஒருவரை விடுவித்தால் அவர் ஏலத்துக்குப் போகிறார். அதிக விலை கேட்ட அணி எதுவோ அதற்குத்தான் அவர் ஆட வேண்டும், தேர்வு அவருடையது இல்லை. பேஸ்பாலில் தேர்வு வீரருடையது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் வாசகர் ஐபிஎல் ஏலத்தைத்தான் கற்பனை செய்துகொள்வார்.

'சுதந்திர வீரர்', 'விடுதலை வீரர்' இரண்டும் தமிழ்க் காதுக்குக் கொடியேற்றத்தையும் சிறைவாசத்தையும் நினைவூட்டுபவை. தியாகிகளுக்கு உரிய சொல்லை இடது களத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டாம். 'தன்னிச்சை வீரர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதிகாரிகள் தன்னிச்சையாக நடந்துகொண்டார்கள் என்று நாள்தோறும் படிக்கிறோம். யாரையும் கேட்காமல் மனம்போனபடி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அது. ஒருவர் உழைத்துப் பெற்ற உரிமைக்கு அந்த நிறம் ஏறக் கூடாது.

மீதி இருப்பது 'கட்டற்ற வீரர்'. இதைச் சொல்பவர்களை நான் மதிக்கிறேன். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று எழுதி, 'ஃப்ரீ' என்றவுடன் இலவசம் என்று ஓடும் பழக்கத்தை முதலில் தடுத்தவர்கள் தமிழ்க் கணினி ஆர்வலர்கள். அவர்கள் வழியில் வந்த சொல் இது. மென்பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் மனிதருக்கு முன்னால் 'கட்டற்ற' வந்தால், காது 'கட்டுப்பாடற்ற' என்று கேட்கிறது. பயிற்சிக்கு வராமல் சுற்றுகிற ஆட்டக்காரர் போல் தோன்றுகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டு இல்லை என்று மட்டுமே அது சொல்கிறது. ஆறு ஆண்டுகள் ஆடி ஈட்டிய ஒன்று கையில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. இதையே பாதி திருத்தி, 'கட்டற்ற முகவர்' என்று எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. முகவரை நீக்காதவரை நோய் தீரவில்லை.

வினைமுதல் என்ற சொல்லின் மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் அதைச் செய்தித்தாளில் போட்டால் யாருக்கும் புரியாது. புரியாத தூய்மையால் யாருக்கும் பயன் இல்லை.

ஆகவே நான் சொல்வது தன்னுரிமை வீரர். தன் ஆட்டத்தின் மீதான உரிமை தன்னிடமே இருப்பவர். அந்த நிலைக்குத் தன்னுரிமை என்றே சொல்லலாம்: "ஆறு ஆண்டு முடிந்து தன்னுரிமை பெற்றார்." இதற்கு எதிர்நிலையும் தானாகவே கிடைக்கிறது. உரிமை அணியிடம் இருந்தால் அது அணியுரிமை. "இந்த இளைஞர் இன்னும் மூன்று ஆண்டுக்கு அணியுரிமையில் இருக்கிறார்" என்று எழுதினால் விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டாம். நல்ல கலைச்சொல் தன் இணையையும் கூடவே அழைத்து வரும்.

அண்ணன் மகன் காட்டிய செய்தியில் வேறு இடறல்களும் இருந்தன. 'வெட்டரன்' என்பதற்கு ஓரிடத்தில் 'முன்னாள் படைவீரர்' என்று இருந்தது. 37 வயதில் பந்தடிப்பவர் எந்தப் போருக்கும் போகவில்லை, மூத்த வீரர் என்றால் போதும். பருவத்துக்கும் பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு 'ஓய்வுக்காலம்' என்று எழுதியிருந்தார்கள். இளைஞருக்கு அது பொருந்தலாம். 37 வயதுக்காரர் 'ஓய்வுக்காலத்தில் அணி தேடுகிறார்' என்று படித்தால், ஓய்வு பெற்றவர் மீண்டும் வருகிறார் என்றுதான் தோன்றும். பருவ இடைவெளி என்று எழுதலாம். வெளிக்கள வீரர் என்பதில் எனக்குக் குறை இல்லை. இந்தத் தவறுகளில் பாதி எந்திர மொழிபெயர்ப்பு செய்தவை என்பது தெரிகிறது. ஆனால் எந்திரம் தந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் ஆள் அங்கே இல்லை என்பதும் தெரிகிறது. ஆட்டத்தை ஒரு முறைகூடப் பார்க்காதவர் ஆட்டச் செய்தியை மொழிபெயர்க்கலாம், யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யலாம். கேட்பதற்குக்கூட நேரம் ஒதுக்காமல் நாளொன்றுக்கு இத்தனை செய்தி என்று கணக்குக் காட்டுவதை மொழிபெயர்ப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

ஒரு மறுப்பை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வயதான வெளிக்கள வீரர்களைப் பற்றிக் குளிர்காலம் முழுவதும் ரசிகர்கள் வாதாடுவதைக் கேட்டவர்கள் இதை எழுப்பலாம். கால் வேகம் குறைந்துவிட்டது, நடுக்களத்தில் இனி நிற்க முடியாது, இடது களத்துக்கு நகர்த்தலாமா, அங்கும் முடியாவிட்டால் தடுப்பாட்டத்துக்கு இறங்காமல் பந்தடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாமா, அதற்கும் ஓர் இளைஞரின் இடத்தைக் கொடுக்க வேண்டுமா என்று பேச்சு போகும். இப்படி யாரும் கூப்பிடாமல் பிப்ரவரி வரை காத்திருப்பவருக்கு 'தன்னுரிமை' என்ற பெயர் பொருந்துமா என்று கேட்கலாம்.

ஆடம் ஜோன்ஸை எண்ணிப் பார்க்கிறேன். பால்டிமோர் ஓரியோல்ஸின் நடுக்களக்காரர், ஆண்டின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஐந்து முறை தேர்வானவர், ஒரு காலத்தில் ஆறு ஆண்டுக்கு 8.55 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். 2018 பருவம் முடிந்து தன்னுரிமை பெற்றபோது அவருக்கு 33 வயது. மாதக்கணக்கில் காத்திருந்து, 2019 மார்ச்சில்தான் அரிசோனா அணியோடு ஓராண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அதற்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் ஓரிக்ஸ் அணியில் ஆடினார். சந்தையில் அவர் விலை விழுந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய 2018 கோடையில் அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்ற ஓரியோல்ஸ் முயன்றபோது அவர் மறுத்துவிட்டார், மறுப்பு நின்றது. மேஜர் லீகில் பத்து ஆண்டுகள் ஆடி, அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று 1973 உடன்பாட்டில் சேர்ந்த விதி அவருக்குத் துணை நின்றது. அந்த விதியை இன்றும் கர்ட் ஃப்ளட் பெயரால் அழைப்பவர்கள் உண்டு. ஃப்ளட் போக மறுத்ததும் அதே பிலடெல்பியாதான். விலை ஏறும், இறங்கும். யாருக்கு ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை 30 லட்சத்திலும் 8 கோடியிலும் ஒன்றே.

அண்ணன் மகனுக்கு அந்தச் செய்தியின் வரியை நான் எழுதிக் கொடுத்தது இப்படி: "தன்னுரிமை பெற்றுள்ள மூத்த வெளிக்கள வீரர்கள் சிலரை அடுத்த பருவத்துக்கு எடுக்கலாமா என்று பல அணிகள் யோசித்து வருகின்றன." ஒருமுறை படித்தான். அடுத்து அவன் கேட்ட கேள்வி சொல்லைப் பற்றியது அன்று. மெக்கட்சனால் இன்னும் நடுக்களத்தில் ஓட முடியுமா என்று கேட்டான்.